பாக்கின் பி மைனர் மாஸ்: கச்சேரியில் பதிவான ஒலிப்பதிவை எடைபோடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லா பரோக் மாஸ்களையும் விட்டுவிட்டு பி மைனர் மாஸை மட்டும் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

மாஸ் என்பது திருப்பலிப் பாடத்துக்கு அமைத்த இசை; இதை அமைத்தவர் ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக். பரோக் காலக் (ஏறக்குறைய 1600–1750) கோரஸ் எழுத்தில் உள்ள ஏறக்குறைய எல்லாச் சவால்களும் இந்த ஒரே படைப்பில் வந்துவிடுகின்றன. இதைக் கேட்டுப் பழகிய காது மற்றவற்றையும் எடைபோடும். பாக் எழுதிய நான்கு சிறிய மாஸ்களுக்கும் (பாக் படைப்புப் பட்டியலான பிடபிள்யூவியில் 233 முதல் 236 வரை, கீரியே, குளோரியா இரண்டு பகுதிகள் மட்டும் கொண்டவை) கீழே சொல்லும் அளவுகோல்களே போதும்.

கேட்க உட்காரும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

திருப்பலிக்குப் போகிறவர்களுக்கு இதன் பாடம் புதிதல்ல. 'ஆண்டவரே இரக்கமாயிரும்', மாட்சிமைப் பாடல், விசுவாச அறிக்கை, 'தூயவர் தூயவர்', 'உலகின் பாவம் போக்கும் செம்மறி' என்ற ஐந்தும்தான் லத்தீனில் கீரியே, குளோரியா, கிரேதோ, சாங்க்துஸ், ஆக்னுஸ் தேயி. இந்த ஐந்தையும் பாக் 27 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்; ஒவ்வொன்றையும் அதன் தொடக்க லத்தீன் சொற்களாலேயே அழைப்பார்கள். ஒசான்னா இரண்டு முறை வருவதையும் சேர்த்தால் 18 பகுதிகள் கோரஸ். மீதி ஒன்பதும் தனிப் பாடகர்களுக்கும் இருவர் சேர்ந்து பாடுவதற்கும் உரியவை. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தனிப் பாடகர்கள் எவ்வளவு பெரிய பெயர்களாக இருந்தாலும், இந்தப் படைப்பு நிற்பதும் விழுவதும் கோரஸால்தான்.

இன்னொன்று, இது ஒரே மூச்சில் எழுதப்பட்டதல்ல. சாங்க்துஸ் 1724 கிறிஸ்துமஸுக்கு எழுதியது. கீரியேயும் குளோரியாவும் 1733 ஜூலை 27 தேதியிட்ட விண்ணப்பத்தோடு டிரெஸ்டன் அரசவைக்குப் போனவை. மீதியை 1748–49ல் சேர்த்து முழுமையாக்கினார்; 1750ல் இறந்துபோனார். குரூசிஃபிக்சுஸின் இசை 1714ல் எழுதிய ஒரு கந்தாத்தாவிலிருந்து (குரலும் கருவியும் சேர்ந்த பல பகுதிப் பாடல்) வந்தது. முழுப் படைப்பும் ஒரே நிகழ்ச்சியாக அரங்கேற 1859 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பத்தைந்து ஆண்டு இடைவெளியில் வெவ்வேறு பாணிகளில் பிறந்த துண்டுகளை ஒரே கட்டடமாக நிற்க வைப்பது நடத்துநரின் பொறுப்பு. ஸ்டுடியோவில் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக மெருகேற்றிவிடலாம். கச்சேரியில் அது முடியாது. ஆகவே நேரடிப் பதிவில் முதலில் தேட வேண்டியது இந்தத் தொடர்ச்சியை.

எந்த வரிசையில் கேட்பது?

மூன்று சுற்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் ஸ்கோர் (அச்சிட்ட இசைக் குறிப்பு) வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம், முழுதாகக் கேளுங்கள். காது தானாக எங்கே விலகிப்போகிறது என்பதை மட்டும் நேரக் குறியோடு எழுதி வையுங்கள். இரண்டாவது சுற்று ஸ்கோரோடு, கோரஸ் பகுதிகளுக்கு மட்டும். மூன்றாவது சுற்று ஹெட்போனில், பதிவின் தரத்துக்காக. முதல் சுற்றிலேயே ஸ்கோரைத் திறந்தால் தவறு பிடிக்கும் புத்திதான் வேலை செய்யும். இசை எங்கே உயிரோடு இருந்தது என்பது நழுவிப்போகும்.

எந்த ஸ்கோர்?

பேரன்ரைட்டர், பிரைட்கோஃப், காருஸ் ஆகியவற்றின் இன்றைய பதிப்புகள் எதுவானாலும் சரி. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பின் இலவச நகல் இணையத்தில் கிடைக்கும். சுற்று இரண்டுக்கு அது போதும், ஆனால் அதை வைத்து யாரையும் 'ஸ்வரம் தப்பு' என்று சொல்லிவிடாதீர்கள். பாக் கைப்பட எழுதிய பிரதியில் பின்னாளில் அவர் மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல் கை வைத்திருக்கிறார். டிரெஸ்டனுக்கு அனுப்பிய தனித்தனிப் பிரதிகளில் வேறு சில குறிப்புகள் உள்ளன. தோமினே தேயுஸில் புல்லாங்குழல் தொடக்கத்திலேயே 'குறில்–நெடில்' என்று வெட்டி வாசித்தால் அது பிழையல்ல, டிரெஸ்டன் பிரதியைப் பின்பற்றுகிறார்கள் என்று அர்த்தம்.

அட்டையில் 'லைவ்' என்று இருந்தால் ஒரே இரவில் பதிவானதா?

பெரும்பாலும் இல்லை. இரண்டு மூன்று கச்சேரிகள், இறுதி ஒத்திகை, ரசிகர்கள் போன பிறகு ஒருமணி நேரத் திருத்தப் பதிவு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பெரும்பாலான 'லைவ்' வெளியீடுகள் தயாராகின்றன. உள்ளே இருக்கும் சிறு புத்தகத்தில் ஒரே தேதி இருக்கிறதா, பல தேதிகளா என்று பாருங்கள். வெட்டி ஒட்டியது பாவமில்லை. ஆனால் ஒரே இரவின் பதிவையும் மூன்று இரவுகளின் கலவையையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

ஒட்டு இருக்கும் இடத்தைக் காதால் பிடிக்கலாம். பாதியில் வெட்டுப்பட்ட இருமல், பகுதி முடிந்ததும் அரங்கின் எதிரொலி தேய்ந்து அடங்காமல் சட்டென்று அறுந்துபோவது, அமைதியின் 'நிறம்' மாறுவது ஆகியவை அடையாளங்கள். ஆள் நிறைந்த தேவாலயத்தின் அமைதியும் காலியான தேவாலயத்தின் அமைதியும் ஒன்றல்ல. உடுப்பும் உடலும் ஒலியை உறிஞ்சுவதால், ஆள் இருக்கும்போது எதிரொலி குறைவாக இருக்கும். ஒரே பகுதிக்குள் எதிரொலி நீண்டும் குறைந்தும் கேட்டால், நடுவில் காலி அரங்கில் எடுத்த துண்டு இருக்கிறது.

மொத்த நேரம் எவ்வளவு இருக்க வேண்டும்?

பழைய கருவிகளோடு சிறிய குழு பாடினால் 100 முதல் 110 நிமிடம். பெரிய கோரஸும் நவீன ஆர்கெஸ்ட்ராவும் என்றால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். முதல் கீரியே மட்டுமே ஒருவரிடம் ஒன்பதரை நிமிடம், இன்னொருவரிடம் பன்னிரண்டுக்கு மேல். இதில் எது சரி என்று கேட்பதில் பயனில்லை. தேர்ந்த வேகத்தை அந்தக் குழுவால் கடைசி வரை தாங்க முடிந்ததா என்று கேளுங்கள்.

தாங்க முடியாத வேகத்தைக் காட்டிக்கொடுக்கும் இடம் கும் சாங்க்தோ ஸ்பிரிது. கோரஸ் ஒரே அசையில் தாள அடிக்கு நான்கு ஸ்வரங்களாக ஓட வேண்டிய பகுதி இது. ஆரம்பத்தில் தெளிவாக இருந்த ஓட்டம் இரண்டாவது ஃப்யூக் (குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கருப்பொருளோடு நுழையும் அமைப்பு) வரும்போது 'ஹ-ஹ-ஹ' என்று மூச்சுச் சத்தமாகிவிட்டால் வேகம் அந்தக் கோரஸின் கைக்கு மீறியது. இதற்கு எதிரான குறையும் உண்டு. மெதுவான வேகத்தில் பாடகர்கள் அசையின் நடுவில் மூச்சு எடுப்பார்கள், வாக்கியம் இரண்டாக உடையும். எட் இன்கர்நாதுஸில் அதைக் கவனியுங்கள்.

கோரஸை எப்படி எடைபோடுவது? எல்லாக் குரலும் சேர்ந்து ஒரே மாவாகத்தான் கேட்கிறது.

அப்படிக் கேட்டால் முதலில் உங்கள் காதைச் சந்தேகப்பட வேண்டாம், பதிவையே சந்தேகியுங்கள். முதல் கீரியேயை எடுத்து இதைச் செய்து பாருங்கள்.

தொடக்கத்தில் நான்கு தாளக்கட்டுகள், முழுக் கோரஸும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து மூன்று முறை 'கீரியே' என்று கூப்பிடுகிறார்கள். பிறகு கருவிகள் மட்டும் வெகுநேரம் வாசிக்கின்றன. அதன்பின் ஃப்யூக்: ஒரே கருப்பொருளை ஒவ்வொரு குரலும் முறை வைத்து எடுத்துக்கொள்ளும். முதலில் டெனர் (உயர்ந்த ஆண் குரல்), அடுத்து ஆல்ட்டோ (சோப்ரானோவுக்கு அடுத்த கீழ்க் குரல்), முதல் சோப்ரானோ (மிக உயர்ந்த குரல்), இரண்டாம் சோப்ரானோ, கடைசியில் பாஸ் (மிகத் தாழ்ந்த குரல்). பிற்பாதியில் இரண்டாம் முறை கீழிருந்து மேலே ஏறும்: பாஸ், டெனர், ஆல்ட்டோ, சோப்ரானோக்கள்.

இந்தப் பத்து நுழைவுகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றும் காதில் விழுந்ததா என்று டிக் போடுங்கள். டெனர் நுழைவு எப்போதும் கேட்கும், ஏனென்றால் அப்போது வேறு யாரும் பாடுவதில்லை. இரண்டாம் சோப்ரானோவும், பிற்பாதியில் வரும் ஆல்ட்டோவும்தான் காணாமல் போகும். பத்தில் குறைந்தது எட்டு கேட்டால் நல்ல கோரஸ், நல்ல பதிவு. ஐந்துக்குக் கீழே போனால் காரணம் மூன்றில் ஒன்று: ஏற்கனவே பாடிக்கொண்டிருப்பவர்கள் புதிதாக நுழைபவருக்கு வழிவிடவில்லை, அல்லது மைக் வெகுதொலைவில் இருக்கிறது, அல்லது இரண்டு சோப்ரானோ பிரிவுகளையும் ஒரே கும்பலாக நிறுத்திவிட்டார்கள். முதலாவது நடத்துநரின் குறை. மற்ற இரண்டுக்கும் கோரஸைக் குறை சொல்லக் கூடாது.

கருப்பொருளைப் பாடும் விதத்தையும் பாருங்கள். அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக நெருங்கி, ஒவ்வொரு முறையும் மேலே எட்டிப் பார்த்து இறங்கும் வரி இது. ஐந்து குரலும் ஒரே இடத்தில் அழுத்தம் தந்து ஒரே இடத்தில் தளர்ந்தால் ஒத்திகை நன்றாக நடந்திருக்கிறது. டெனர் ஒரு மாதிரியும் பாஸ் வேறு மாதிரியும் பாடினால், ஸ்வரம் எல்லாம் சரியாக இருந்தாலும் அது கோரஸ் ஆகாது.

கோரஸின் பாஸ் பிரிவுக்குத் தனித் தேர்வு ஒன்று உண்டு. எட் ரெசுர்ரெக்சித்தின் நடுவில் 'எட் இதேரும் வெந்தூருஸ் எஸ்ட்' என்று பாஸ் மட்டும் தனியாக நீண்ட, மேலும் கீழும் தாவும் வரியைப் பாட வேண்டும். சில நடத்துநர்கள் அதைத் தனி பாஸ் பாடகரிடம் கொடுத்துவிடுகிறார்கள். முழுப் பிரிவும் சேர்ந்து ஒரே குரலாக அதைப் பாடிவிட்டால் தயங்காமல் மதிப்பெண் கொடுங்கள். கச்சேரியில் அதைத் துணிந்து செய்வது பெரிய காரியம்.

சுருதி இறங்குகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இறங்கும் இடங்கள் முன்கூட்டியே தெரிந்தவைதான். கொன்ஃபித்தேயோர் அவற்றில் முதன்மையானது. அதில் வயலின் இல்லை, குழல் இல்லை. கீழே செல்லோவும் சிறிய ஆர்கனும் மட்டும். அந்தச் சின்ன ஆர்கனின் ஒலி பின்வரிசைப் பாடகர்களின் காதுக்குப் பெரும்பாலும் எட்டாது. ஐந்து குரல் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு போக வேண்டும். அதன் முடிவில் வேகம் அடங்கி, 'எட் எக்ஸ்பெக்தோ' என்ற சொற்களில் கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) ஒவ்வொன்றாக நழுவுகின்றன. அடுத்த கார்டு எங்கே விழும் என்று யாராலும் ஊகிக்க முடியாத இருபதுக்கு மேற்பட்ட தாளக்கட்டுகள் இவை. பாக் எழுதியதிலேயே மிகத் துணிச்சலான பக்கங்களில் ஒன்று இது. ஒரே ஸ்வரம் வேறு பெயரோடு வேறு கார்டில் போய் உட்காரும். அங்கே பாடகர்கள் கால் ஸ்வரம் இறங்கியிருந்தால், உடனே மூன்று டிரம்பெட்டுகளும் டிம்பனியும் டி மேஜரில் வெடிக்கும்போது உண்மை வெளியே வந்துவிடும். கருவிகள் இறங்கி வராது. கோரஸ்தான் சட்டென்று மேலே ஏறிக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த முதல் கார்டை மூன்று முறை திருப்பிக் கேளுங்கள்.

குரூசிஃபிக்சுஸிலும் ஆபத்து உண்டு. நான்கு தாளக்கட்டு நீளமுள்ள ஒரு பாஸ் வரி, அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக இறங்குவது, பதின்மூன்று முறை திரும்ப வரும். இறங்கும் வரியை எதிரே கேட்டுக்கொண்டே பாடுகிறவர்களும் இறங்கிவிடுவார்கள். பதின்மூன்றாவது முறை குழலும் வயலினும் ஓய்ந்துவிட, குரல்கள் தாழ்ந்த ஸ்வரங்களுக்குப் போய் ஜி மேஜரில் அடங்க வேண்டும். அந்தக் கடைசி கார்டு கலங்காமல் நின்றால் நல்ல கோரஸ்.

கைப்பேசியில் ட்யூனர் செயலி இருந்தால் முதல் கீரியேயின் கடைசி கார்டையும் கடைசிப் பகுதியான தோனா நோபிஸின் கடைசி கார்டையும் அளந்து பாருங்கள். 10 முதல் 15 சென்ட் வித்தியாசம் வந்தால் கவலை வேண்டாம் (ஒரு சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு). அரங்கின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஆர்கன் குழாயின் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் ஏறும். ஆட்கள் நிறைந்து அரங்கம் 18 டிகிரியிலிருந்து 23க்குப் போனால் 15 சென்ட் ஆகிவிடும், மற்ற கருவிகளும் அதைப் பின்தொடரும். இது இயற்பியல். யார் மீதும் குற்றமில்லை.

எல்லாமே அரை ஸ்வரம் கீழே கேட்கிறது. பதிவு கெட்டுவிட்டதா?

இல்லை. பழைய கருவிக் குழுக்கள் ஏ ஸ்வரத்தை 415 ஹெர்ட்ஸில் வைப்பது வழக்கம். நவீன ஆர்கெஸ்ட்ராவில் அது 440. வித்தியாசம் அரை ஸ்வரம்.

ஒரு குரலுக்கு ஒருவர் மட்டும் பாடுகிறார்களே, இதையும் கோரஸ் என்று எடுத்துக்கொள்ளலாமா?

1981ல் ஜோஷுவா ரிஃப்கின் என்ற அமெரிக்க இசைஞர், பாக்கின் கோரஸ் என்பது பெரும்பாலும் குரலுக்கு ஒருவர்தான் என்று வாதிட்டு, அடுத்த ஆண்டே இந்த மாஸை அப்படிப் பதிவும் செய்தார். பாக் 1730 ஆகஸ்ட் 23 அன்று லைப்ஸிக் நகரசபைக்கு எழுதிய குறிப்பில் ஒவ்வொரு கோரஸுக்கும் குறைந்தது 12 பாடகர்கள், 16 ஆனால் இன்னும் நல்லது என்று கேட்கிறார். அந்தப் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாடினார்களா, தேவைக்கேற்ப மாறிக்கொண்டார்களா என்பதுதான் சர்ச்சை. இன்றுவரை தீரவில்லை.

எடைபோடுபவருக்கு இது கொள்கைச் சண்டை ஆகக் கூடாது. ஐந்து பேர், எட்டுப் பேர் பாடும் பதிவில் 'கம்பீரம் இல்லை' என்று மதிப்பெண் குறைப்பது வீணையில் நாகஸ்வரத்தைத் தேடுவது போல. வேறு கேள்விகளைக் கேளுங்கள்: குளோரியாவில் டிரம்பெட்டுகளுக்கு நடுவே சொல் கேட்கிறதா? தனிப் பாட்டையும் கோரஸையும் அதே ஆட்களே பாடுவதால் ஒன்றரை மணி நேரத்துக்குப் பின் குரல் தேய்ந்துவிட்டதா? ஒவ்வொருவரும் தனிப் பாடகரைப் போல அதிர்வு கொடுத்து, சேர்ந்து பாடும்போது கார்டு நடுங்குகிறதா? கடைசியில் சொன்னதுதான் இவ்வகைப் பதிவுகளில் அதிகம் காணும் கோளாறு.

டிரம்பெட் அங்கங்கே பிசிறுகிறது. எவ்வளவு பொறுத்துக்கொள்ளலாம்?

பாக்கின் கால டிரம்பெட்டில் வால்வு கிடையாது. உதட்டாலேயே ஸ்வரங்களைப் பிடிக்க வேண்டும். டி டிரம்பெட்டில் பதினோராவது இயல் ஸ்வரம் ஜி-க்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவில் விழும். வாசிப்பவர் அதை ஒரு பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும். இன்றைய பரோக் டிரம்பெட் கலைஞர்கள் பலர் குழாயில் சிறு துளைகள் வைத்த கருவியைப் பயன்படுத்துவதால் இந்தச் சிரமம் குறைகிறது. துளையில்லாத கருவியை வாசிக்கிறார்கள் என்றால் ஒன்றிரண்டு பிசிறை மன்னித்துவிடலாம். பிசிறுக்குப் பயந்து டிரம்பெட்டை அடக்கி வாசிப்பதுதான் பெரிய குறை. எட் ரெசுர்ரெக்சித்தில் அது தாங்காது.

கொம்பு வாசிப்பவரின் நிலை இன்னும் கடினம். முழு மாஸிலும் அவருக்கு ஒரே ஒரு பகுதிதான், குவோனியாம். நாற்பது நிமிடத்துக்கு மேல் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, உதடும் கருவியும் ஆறிப்போன நிலையில், எடுத்த எடுப்பிலேயே கீழ் ஸ்வரத்திலிருந்து அதே பெயருள்ள மேல் ஸ்வரத்துக்கு எட்டாம் (ஆக்டேவ்) தாவல். ஆறிய கருவியின் சுருதி இறங்கியே இருக்கும். முதல் இரண்டு வரி சற்றுக் கீழே இருந்து பிறகு சரியானால் அது குறையே அல்ல. கடைசி வரை சரியாகவில்லை என்றால்தான் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே ஓடும் இரண்டு பாசூன்கள் தனித்தனியாகக் கேட்கின்றனவா என்பதையும் பாருங்கள். பல தேவாலயப் பதிவுகளில் அவை ஒரே உறுமலாகிவிடும்.

தனிப் பாடகர்களில் யாரைக் கூர்ந்து கேட்பது?

ஆல்ட்டோவை. ஆக்னுஸ் தேயி இந்தப் படைப்பிலேயே ஃப்ளாட் சுருதியில் (ஜி மைனர்) அமைந்த ஒரே பகுதி. வயலின்கள் எல்லாம் ஒரே வரியை வாசிக்க, மேலே ஒரு குரல், வேறு துணை இல்லை. ஒன்றரை மணி நேரம் வாசித்துக் களைத்த வயலின்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்பதும், பாடகர் நீண்ட வாக்கியத்தை உடைக்காமல் கொண்டுபோகிறாரா என்பதும் ஒருசேரத் தெரியும். பெண் குரலா, கவுண்டர் டெனரா (பெண் குரலின் உயரத்தில் பாடும் ஆண்) என்பது ரசனை. பெனெதிக்துஸில் எந்தக் கருவி டெனரோடு வாசிக்க வேண்டும் என்று பாக் எழுதவில்லை. இப்போது பெரும்பாலும் குழல், முன்பு பலர் வயலின். இரண்டும் சரிதான்.

நேரடிப் பதிவில்தான் கிடைக்கும், ஸ்டுடியோவில் கிடைக்காது என்று ஏதாவது உண்டா?

உண்டு, இந்தப் பதிவுகளைத் தேடிக் கேட்பதே அதற்காகத்தான். ஒரு பகுதி முடிந்து அடுத்தது பிறக்கும் கணங்கள் அவை.

குவோனியாமின் கடைசி ஸ்வரத்திலிருந்து நிற்காமலே கும் சாங்க்தோ ஸ்பிரிது வெடிக்க வேண்டும். நடுவில் மூச்சு விடும் அளவுக்கு இடைவெளி விட்டாலே சக்தி போய்விடும். குரூசிஃபிக்சுஸிலிருந்து எட் ரெசுர்ரெக்சித்துக்குப் போவது இதற்கு நேரெதிர். அங்கே அமைதி வேண்டும். அடக்கம் செய்த குரல்கள் கீழே ஒடுங்கி நிற்க, எந்த முன்னுரையும் இல்லாமல் முழுக் கோரஸும் டிரம்பெட்டும் ஒரே கணத்தில் எழ வேண்டும். அந்த அமைதி எவ்வளவு நேரம் என்பதை ஸ்கோர் சொல்லாது, அரங்கம்தான் சொல்லும். எதிரொலி முற்றிலும் அடங்கி, யாரும் இருமத் துணியாத கணத்தில் கை அசைந்திருந்தால் அந்த நடத்துநருக்கு அரங்கம் வசப்பட்டிருக்கிறது. ஸ்டுடியோவில் இதே இடைவெளியை எடிட்டர் சுட்டியால் அமைக்கிறார். மூன்றாவது, மேலே சொன்ன கொன்ஃபித்தேயோர் முடிவு.

இந்த மூன்று இணைப்பும் உயிரோடு இருந்தால், அங்கங்கே நான்கு ஸ்வரம் தவறினாலும் அது சிறந்த பதிவு. மூன்றிலும் கை தயங்கினால் மற்றவை எல்லாம் சுத்தமாக இருந்தும் மனதில் நிற்காது.

எதிரொலி அதிகமாக இருக்கிறது. தேவாலயம் என்றால் அப்படித்தானே?

ஓரளவுக்குத்தான். ஒரு கணக்குப் போடுங்கள். கும் சாங்க்தோவில் நிமிடத்துக்கு 112 தாள அடி என்ற வேகத்தில் கோரஸ் நொடிக்கு ஏறக்குறைய ஏழரை ஸ்வரம் பாடுகிறது. எதிரொலி அடங்க 4 நொடி ஆகும் இடத்தில், புது ஸ்வரம் பிறக்கும்போது பழைய முப்பது ஸ்வரங்களின் மிச்சம் காற்றில் மிதந்துகொண்டிருக்கும். நல்ல நடத்துநர் அங்கே வேகத்தைச் சற்றுக் குறைத்து, ஸ்வரங்களைத் துண்டாக வெட்டிப் பாடச் சொல்வார். நல்ல ஒலிப்பதிவாளர் மைக்கை முன்னே நகர்த்துவார். இரண்டும் நடக்காவிட்டால் கூழ்தான்.

மைக்கை மிக அருகில் வைத்தாலும் தொல்லை உண்டு. கிராத்தியாஸில் தூரத்தில் இருந்த ஆர்கெஸ்ட்ரா, தோமினே தேயுஸ் தொடங்கியதும் குழல் மட்டும் ஆளுயரத்துக்கு வளர்ந்து மடியில் வந்து உட்கார்ந்தால், தனி மைக்கின் அளவைக் கலவையில் ஏற்றிவிட்டார்கள். ஒசான்னாவில் எட்டுக் குரல், இரண்டு கோரஸ். ஒன்று கேட்க மற்றொன்று பதில் சொல்லும். ஹெட்போனில் இடமும் வலமும் பிரிந்து கேட்க வேண்டும். பிரியவில்லை என்றால் பாடகர்களை நிறுத்திய விதத்திலோ மைக் அமைப்பிலோ பிசகு. சாங்க்துஸில் பாஸ் குரல்களின் எட்டாம் தாவல்கள் ஒவ்வொன்றும் தூண் போல நிற்க வேண்டும். எதிரொலியில் முதலில் கரைவது அவைதான்.

இருமல், கைதட்டல்?

இருமலுக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். கடைசி ஸ்வரத்துக்குப் பின் வரும் அமைதியை வெட்டிவிட்டு உடனே கைதட்டலை ஒட்டியிருந்தால் குறையுங்கள்.

லத்தீன் உச்சரிப்பு ஒவ்வொரு பதிவிலும் வேறாக இருக்கிறதே?

ஜெர்மன் முறை, இத்தாலிய முறை என்று இரண்டு வழக்கம். கடைசிப் பகுதியில் 'பாட்சேம்' என்றால் ஜெர்மன், 'பாச்சேம்' என்றால் இத்தாலியன். அதேபோல 'அக்னுஸ்', 'அன்யுஸ்'. பாக் லைப்ஸிக்கில் கேட்டிருக்கக்கூடியது முதல் வகை. எதுவானாலும் கோரஸும் தனிப் பாடகர்களும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும். விருந்தினராக வந்த தனிப் பாடகர் மட்டும் வேறு மாதிரி சொல்வது ஒத்திகைக் குறைவின் அடையாளம்.

வானொலி ஒலிபரப்பிலிருந்து எடுத்த கோப்பை வைத்து மதிப்பிடலாமா?

பாடியதை மதிப்பிடலாம், ஒலித் தரத்தை மதிப்பிடாதீர்கள். ஒலிபரப்பில் மெல்லிய இடங்களை உயர்த்தி, உரத்த இடங்களை அமுக்கிவிடுவார்கள். குரூசிஃபிக்சுஸின் முடிவுக்கும் எட் ரெசுர்ரெக்சித்தின் தொடக்கத்துக்கும் சத்த அளவில் பெரிய வித்தியாசமே தெரியவில்லை என்றால் அமுக்கப்பட்ட கோப்பு அது. 128 கிலோபிட் எம்பி3யில் 'ஸ்' ஒலிகளும் எதிரொலியின் வாலும் மணல் போலச் சொரசொரக்கும். ஃப்ளாக் (தரம் குறையாத கோப்பு வகை) அல்லது சிடி கிடைத்தால் அதையே எடுங்கள்.

எதோடு ஒப்பிட்டுக் கேட்பது?

இரு துருவங்களாக இரண்டு ஸ்டுடியோப் பதிவுகளை வைத்துக்கொள்ளுங்கள்: 1967ல் ஒட்டோ கிளெம்பரர், 1985ல் ஜான் எலியட் கார்டினர். முதலாவது அகலமும் கனமும், இரண்டாவது வேகமும் துல்லியமும். கச்சேரிப் பதிவுகளில், கார்ல் ரிக்டர் 1969ல் டோக்கியோவில் நடத்தியதை அவரே 1961ல் செய்த ஸ்டுடியோப் பதிவோடு சேர்த்துக் கேட்பது நல்ல பயிற்சி. பாக்கின் 250ஆவது நினைவு நாளான 2000 ஜூலை 28 அன்று, அவர் பணியாற்றிய லைப்ஸிக் தாமஸ் தேவாலயத்திலேயே அங்குள்ள சிறுவர் கோரஸ் பாடியதும் காட்சியோடு கிடைக்கிறது. சிறுவர் சோப்ரானோ எப்படி ஒலிக்கும், எங்கே களைக்கும் என்று அறிய அதைப் பாருங்கள்.

மதிப்பெண் எப்படிப் பிரிப்பது?

எங்கள் பரிந்துரை: கோரஸுக்கு 35, தொடர்ச்சிக்கும் வேகத்துக்கும் 25, ஆர்கெஸ்ட்ராவுக்கு 15, தனிப் பாடகர்களுக்கு 15, பதிவுக்கு 10. ஒருமுறை நடந்து போன தவறுக்கு எதையும் குறைக்க வேண்டாம். திரும்பத் திரும்ப வரும் தவறுக்கு மட்டும் குறையுங்கள்.

ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது. எதைச் செய்வது?

கிராத்தியாஸையும் தோனா நோபிஸ் பாசெமையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டுக்கும் இசை ஒன்றே, 46 தாளக்கட்டு. சொற்கள்தான் வேறு: முதலாவது நன்றி, இரண்டாவது அமைதிக்கான வேண்டுதல். நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பாடியிருக்கிறார்கள். இரண்டும் பாஸிலிருந்து தொடங்கி டெனர், ஆல்ட்டோ, சோப்ரானோ என்று மேலே ஏறும். பிற்பகுதியில் முதல் டிரம்பெட் குரல்களுக்கும் மேலே ஏறித் தானே இன்னொரு குரலாக அந்தக் கருப்பொருளை எடுத்துக்கொள்ளும்.

முதலில் பாஸின் தொடக்க வரி: இரண்டாம் முறையும் அதே சுருதியில், அதே நிதானத்தில் எழுகிறதா? அடுத்து சோப்ரானோவின் மேல் ஸ்வரங்கள்: கத்தலாகிவிட்டதா? பிறகு டிரம்பெட் நுழையும் இடம்: கோரஸ் அதற்குக் கீழே மறைகிறதா, அதைத் தாங்கி நிற்கிறதா? களைத்த கோரஸில் இரண்டாம் முறை ஒவ்வொரு நுழைவும் சற்றுத் தாமதமாக வரும், வாக்கியத்தின் கடைசி அசை முன்கூட்டியே உதிர்ந்துவிடும். நல்ல கோரஸில் இரண்டாம் முறை வேகம் ஒரு மயிரிழை குறைந்து, ஒலி இன்னும் அகலமாக இருக்கும். டிம்பனி விழும் கடைசி கார்டு வரை யாரும் அவசரப்பட மாட்டார்கள்.